எங்கள் மாடியிலிருந்து ஆற்றுக்கு

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையாக இருந்திருக்க வேண்டியது. என் மனைவி நகராட்சியில் ஆற்றுத் திட்டப் பொறியாளர். "ஒரே பக்கம் போதும். ஆத்தை எப்படி மீட்கப் போறோம்னு தெருவுல இருக்கிறவங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் கொடுங்க. கதை மட்டும் வேணாம்" என்றாள். எழுத்தாளனிடம் போய் அப்படிச் சொன்னது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்ததுபோல் ஆயிற்று. துண்டறிக்கையை அவள் அலுவலகத்தில் வேறு யாரோ எழுதினார்கள். நன்றாகவே வந்தது. என் கையில் மிஞ்சியது இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. (பெருமையோடு எழுதினால் கதை கெட்டுப்போகும் என்பார்கள். கெட்டால் கெடட்டும். என் மனைவி, என் பெருமை, என் காகிதம்.)

2

முதல் தொடக்கம்: நதி என்பது நாகரிகத்தின் தொட்டில் என்று—

தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள், "தொட்டில்னா துணி மாத்தணும். யார் மாத்துறதுன்னு எழுதுங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: கறுத்த நீரின் மேல் நுரை மிதக்க, பாலத்தைக் கடப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு—

"ஆத்துல ஏன் ஆரம்பிக்கிறீங்க?"

"ஆத்தைப் பத்தின கதைம்மா. வேற எங்க ஆரம்பிக்கிறது?"

"கூரையில."

சாப்பாட்டு மேசையில் பாதியை எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும் வரைபடத்தை என் பக்கம் திருப்பினாள். ஆறு அதில் ஒரு மெல்லிய நீலக்கோடு. அதைச் சுற்றி, நகரத்தில் முக்கால்வாசியை வளைத்துப் போட்டு ஒரு சிவப்புக்கோடு.

"இந்தச் செவப்புக்குள்ள எங்க மழை விழுந்தாலும் ஆத்துக்குத்தான் வரும். நம்ம கூரை, தெரு, பள்ளிக்கூட மைதானம், பட்டறை வாசல், எல்லாமே ஆறுதான். ஆத்தை மட்டும் சுத்தம் பண்றது, கூரை ஒழுகுறப்போ தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்கிற மாதிரி."

ஆகவே மூன்றாம் தொடக்கம் எங்கள் கூரையிலிருந்து. ஆனால் கூரைக்குப் போகுமுன் நகராட்சிக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

3

அங்கே இரண்டு திட்டங்கள் காத்திருந்தன. ஒன்று, ஆற்றைக் கான்கிரீட்டால் மூடி மேலே சாலை போடுவது. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, வண்டியும் போகும். இன்னொன்று என் மனைவியுடையது. மேட்டில் தூர்ந்துபோன குளங்களைத் தோண்டுவது, மழைநீர் மட்டும் போக வேண்டிய வடிகாலில் யார் யார் வீட்டுக் கழிவு கலக்கிறது என்று கண்டுபிடித்துப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்புவது, கடைசியாகத்தான் ஆற்றில் கை வைப்பது. நல்ல திட்டம். ஒரே குறை, சில வருடங்களுக்குத் திறப்புவிழா நடத்த அதில் எதுவுமே இல்லை.

நகராட்சித் தலைவர் தலையைச் சொறிந்தார். "வீடு வீடாப் போய் சோதனை பண்ணணும்ங்கிறீங்க. ஜனங்க உள்ள விடணுமே? முதல்ல உங்க தெருவைச் சம்மதிக்க வைங்க. அடுத்த கூட்டத்துல உங்க திட்டத்தை எடுத்துக்கறேன். முடியலைன்னா மூடிட வேண்டியதுதான்."

சோதனை மிகவும் எளிது. தீங்கில்லாத பச்சைச் சாயத்தைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். தெருவில் சாக்கடை மூடியைத் திறந்து பார்க்கும்போது அங்கே பச்சை தெரிந்தால் சரி. வடிகால் வழியாக ஆற்றில் தெரிந்தால் தப்பு.

எளிதுதான், கதவைத் திறந்தால். எங்கள் தெருவில் ஒருவரும் திறக்கவில்லை.

"எங்க வீட்டுச் சமாச்சாரம் எங்க போகுதுன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டணுமா?" என்று கேட்டார் எதிர்வீட்டுத் தையல்காரர். "அப்புறம் அபராதம்னு வருவீங்க."

"அபராதம் கிடையாதுங்க. மாத்துற செலவும் நகராட்சியோடது."

"இப்ப அப்படித்தாம்மா சொல்லுவீங்க."*

* தையல்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சைப் பொட்டலத்தோடு வேறு யாராவது வந்திருந்தால் நானும் ஜன்னல் வழியாகத்தான் பேசியிருப்பேன்.

4

இந்த இடத்தில் மாமனாரைக் கொண்டுவர வேண்டும். எனக்கு அவர்மேல் சந்தேகம் உண்டு. மனிதராக அல்ல, கதாபாத்திரமாக. கட்டட மேஸ்திரியாக இருந்தவர், தெருவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. பேச ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். இவ்வளவு சத்தம் ஒரு கதைக்கு ஆகாது என்று முந்தைய படியில் அவரை அதிகம் பேசாத, ஆழமாக யோசிக்கும் மனிதராக மாற்றியிருந்தேன்.

படித்துவிட்டு, "யாரு மாப்பிள்ளை இந்த ஊமைக்கோட்டான்?" என்றார்.

சத்தத்தைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மகள் கதவு கதவாகத் தட்டிக் களைத்து வந்த அன்று அவர் சொன்னது இது: "நம்ம வீட்டுல ஊத்தும்மா. தெருவே வந்து பாக்கட்டும். நான் கட்டின வீட்டுல ஒரு சொட்டு தப்பாப் போகாது. போச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்!"

5

ஞாயிற்றுக்கிழமை காலை தெரு முழுக்கத் தெருமுனைச் சிறுபாலத்தில் கூடியது. கீழே வடிகாலின் வாய், அதற்கும் கீழே ஆறு. மாமனார் பாலத்தை ஒட்டித் திறந்துவைத்த சாக்கடை மூடியருகே, கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வை பார்ப்பவர்போல் இடுப்பில் கைவைத்து நின்றார். அவள் தரைத்தளக் கழிப்பறையில் சாயத்தைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள்.

சாக்கடையில் பச்சை வந்தது. ஆற்றில் வரவில்லை.

கைதட்டினார்கள். மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். தையல்காரரே முன்வந்து, "சரிம்மா, எங்க வீட்டையும் பாத்துடு" என்றார். அவள் ஜெயித்துவிட்டாள். ஆறு பிழைத்தது. நானாக இருந்தால் கதையை இங்கேயே முடித்துவிட்டு, கைகுலுக்க வருகிறவர்களுக்காகக் காத்திருப்பேன்.

"இன்னும் மாடி இருக்கு" என்றாள் அவள்.

மாடியையும் பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யாருக்கும் அது நினைவிலும் இல்லை.

"மாடியும் நான் கட்டினதுதானேம்மா, விடு" என்றார் மாமனார்.

"அதான்ப்பா, அதையும் பாத்துடலாமே" என்று போனவள், மாடிக் குளியலறையில் சாயத்தை ஊற்றிவிட்டு வந்தாள்.

மாடிக் குளியலறைக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. அது எனக்காகக் கட்டப்பட்டது. நான் வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறேன் என்றதும் மாடியில் ஓர் அறை எழும்பியது. மாமனார் கல்யாண வேலையாக அலைந்துகொண்டிருந்ததால், குழாய் வேலையை மட்டும் வேறொருவரிடம் விட்டிருந்தார். அந்த ஆள் பக்கத்தில் எது கிடைத்ததோ அதில் இணைத்திருக்கிறார். பக்கத்தில் கிடைத்தது மழைக்குழாய்.

ஆனால் பாலத்தில் நின்ற எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்றும் வரவில்லை.

"ஐயையோ, இங்க பாருங்க!" என்றார் தையல்காரர்.

கறுத்த நீரில் பளிச்சென்று பச்சை இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடங்களாக நான் மாடியில் பாட்டுப்பாடிக் குளித்ததெல்லாம் இப்படித்தான்—

[இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். கூட்டம் பார்த்தது என்னை அல்ல, அவளை.]

6

அவளுக்கு முன்பே தெரியுமா? கதையில் இதை முடிவு செய்தாக வேண்டும். தெரிந்தே ஊற்றினாள் என்று ஒரு படி எழுதினேன். தியாகி மாதிரி இருந்தாள், எனக்கே பிடிக்கவில்லை. தெரியாமல் ஊற்றினாள் என்று இன்னொரு படி. அதில் ஏமாளி மாதிரி இருந்தாள். கடைசியில் அவளையே கேட்டேன்.

"தெரியாது. அதனாலதான் ஊத்தினேன்" என்றாள்.

பதினாறு வருடங்களாக எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை.

பாலத்துக்குத் திரும்புவோம். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் பாத்துக்கோங்க. வரைபடத்துல முதல் தப்புக் குழாய் எங்களோடது" என்றாள். யாரோ சிரித்தார்கள். யாரோ, "மேஸ்திரி வீட்டு லட்சணமே இதுதானா?" என்றார்கள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவ்வளவு சத்தமான மனிதர் வாயடைத்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். (முந்தைய படியில் நான் எழுதிய ஊமைக்கோட்டான் அந்த ஒரு நிமிடத்துக்குப் பொருந்துவார்.) தெரு கலையத் தொடங்கியது. அப்படியே கலைந்திருந்தால் இன்று ஆற்றின்மேல் சாலை போட்டிருப்பார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"சிரிச்சது யாரு? இங்க வாங்க. நான் பாத்துப் பாத்துக் கட்டின வீட்லயே பச்சை வருதுன்னா, உங்க வீட்ல எல்லாம் வானவில்லே வரும்! நடங்க, கதவைத் திறங்க! ஏம்மா, பொட்டலம் எத்தனை கொண்டாந்திருக்கே?"

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். இதை நான் ஜோடிக்கவில்லை.

முதலில் கதவைத் திறந்தவர் தையல்காரர். அவர் வீட்டுப் பச்சையும் ஆற்றுக்குத்தான் வந்தது. அதன்பின் யாருக்கும் வெட்கம் மிச்சமில்லை. மாலைக்குள் தெரு முழுக்கத் திறந்துகிடந்தது. மாமனாருக்கு எந்தக் கதவையும் தட்டும் வேலை இருக்கவில்லை, கத்தினாலே போதுமாக இருந்தது.

7

அடுத்த கூட்டத்தில் அவள் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. மாமனார் மாடிக் குழாயைத் தன் கையாலேயே உடைத்துத் திருப்பினார். மறுபடி சாயம் ஊற்றி, பச்சை சாக்கடையில் வந்ததைப் பார்க்கத் தெரு முழுவதையும் இன்னொரு முறை வரவழைத்தார். மீசையை எடுத்தாரா என்று கேட்பீர்கள். எடுத்தார். இப்போது மறுபடி வளர்கிறது.

இனி முடிவு. ஒன்று எழுதிப் பார்த்தேன்: தெளிந்த நீரில் ஒரு மீன் துள்ளியது, பாலத்தில் நின்றிருந்த அவள்—

"வராத மீனை எழுதாதீங்க" என்றாள். "மேட்டுல இப்பதான் முதல் குளம் தோண்டுறோம். ஆறு இன்னும் கறுப்புதான். மீன் வந்தா நானே வந்து சொல்றேன்."

அவள் முதுமையில் அந்தப் பாலத்தில் நிற்பதாக இன்னொரு முடிவும் வைத்திருந்தேன். அதைக் காட்டாமலே கிழித்துவிட்டேன். திட்டம் போட்டவள் பொறுமையாகக் காத்திருக்கும்போது கதை எழுதுகிறவனுக்கு மட்டும் என்ன அவசரம்?

துண்டறிக்கையோடு வீட்டுக்கு ஒரு பொட்டலம் சாயமும் கொடுக்கிறார்கள். என் கதையோடு அதைத் தர எனக்கு வழியில்லை, எங்காவது வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் தலைக்குமேல் ஒரு கூரையும் சுவருக்குள் ஒரு குழாயும் இருக்கும், பக்கத்தில் ஏதோ ஓர் ஆறும் இருக்கும். ஊற்றிவிட்டு, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாருங்கள். அங்கே எது வருகிறதோ அதுதான் முடிவு. அதை என்னால் எழுத முடியாது.

ஒன்றை மட்டும் மாமனார் சொல்லச் சொன்னார். கீழே சரியாக வந்ததும் கைதட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். மாடியிலும் ஊற்றுங்கள்.