ஆக்ஸெல் கட்ட வேண்டிய வளைவு

எங்கள் ஊரில் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறவர்கள் அந்த நாள் காலையில் தூங்குவதுபோல் நடிக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே அக்கம்பக்கத்தார் ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கட்டி, காகிதப் பூ செருகி, உச்சியில் 25 என்று எழுதி, வாசலைச் சுற்றி ஒரு வளைவு வைத்துவிடுவார்கள். விடிந்ததும் ட்ரம்பெட் ஊதிப் பாடி எழுப்புவார்கள். தம்பதி இரவு உடையோடு கதவைத் திறந்து, எதிர்பார்க்கவே இல்லை என்று வாயைப் பிளந்துவிட்டு, முந்தின நாளே வாங்கி ஒளித்துவைத்த பன்னை எல்லோருக்கும் கொடுப்பார்கள்.

நான் அறுபது பன் வாங்கி ஒளித்துவைத்திருந்தேன்.

"அறுபதா?" என்றான் என் கணவன் எஸ்கில்ட். "யாரு வருவாங்கன்னு அறுபது?"

"எல்லாரும் வருவாங்க."

"ஆக்ஸெலுமா?"

அங்கேதான் இடித்தது. வளைவு வேலையை முன்னின்று நடத்த வேண்டியவர் வலது பக்கத்து வீட்டுக்காரர். அது இங்கே எழுதாத சட்டம். எங்களுக்கு வலது பக்கம் ஆக்ஸெல். ஆக்ஸெலிடம் ஒரு சேவல் இருக்கிறது. மே மாதம் வந்தால் மூன்றரை மணிக்கே விடிந்துவிட்டதென்று அது முடிவு செய்துவிடும். நான் பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூங்கி வழிய முடியாது. ஒரு கோடைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நகராட்சிக்கு எழுதிப்போட்டேன். அவர்கள் ஆக்ஸெலுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அன்றிலிருந்து சேவல் இருட்டுக் கொட்டகையில். ஆக்ஸெல் என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவதோடு சரி, இருபது மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. நான் புகார் கொடுத்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதற்கு முன்னால் நேரில் ஒரு வார்த்தை சொன்னாயா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நாங்கள் ஆர்ஹூஸ் நகரத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இந்த ஒன்பது வருடத்தில் நான்கு ஜோடிகளுக்கு நானும் எஸ்கில்டும் கிளை கட்டியிருக்கிறோம், கையெல்லாம் பிசின் ஒட்டக் கட்டியிருக்கிறோம். அன்றைக்கு எங்கள் வாசல் வெறிச்சென்று இருந்தால் நாங்கள் இன்னும் வெளியூர்க்காரர்கள் என்று அர்த்தம். எனக்குப் பரவாயில்லை, எனக்குத் தோல் தடிமன். எஸ்கில்ட் அப்படியில்லை. யாரிடமும் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆளே இல்லை அவன்.

முதல் நாள் சாயங்காலம் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை.

"போய் ஒரு வார்த்த பேசிட்டு வாயேன்" என்றான் எஸ்கில்ட்.

"நான் எதுக்குப் பேசணும்? கூவினது நானா?"

"கூவறதுல நீ ஒண்ணும் அதுக்குக் குறைஞ்சவ இல்ல."

காலை ஐந்து மணிக்கு நல்ல வெளிச்சம். வாசலில் வளைவு இல்லை. ஆறு அடித்தது. ஏழு அடித்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. போட்டு வைத்த காபி ஆறிப்போனது. படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். எஸ்கில்ட் கட்டில் ஓரத்தில் இரவு உடையோடு உட்கார்ந்திருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

"பரவால்ல விபெகே" என்றான். "நாம ரெண்டு பேரும் சாப்பிடுவோம்."

"அறுபது பன்னையுமா?"

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இரவு உடையோடே கிளம்பிவிட்டேன். திட்டத்தான் போனேன், மறைப்பானேன். ஆக்ஸெல் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதிலில்லை. பின்னால் வைக்கோல் கொட்டகைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. ஒரே இழுப்பாக இழுத்தேன்.

உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. வைக்கோல் கட்டுகளின் மேல் நாற்பது பேர், வாயே திறக்காமல். மூன்று பேர் மடியில் ட்ரம்பெட். நடுவில் தரையோடு கிடந்தது வளைவு, உச்சியில் வெள்ளித்தாளில் 25. ஆக்ஸெல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க இங்க?"

"மெதுவாப் பேசுங்க" என்றார் ஆக்ஸெல். "ராத்திரி பத்துலேர்ந்து காலைல எட்டு வரைக்கும் என்னால எந்தச் சத்தமும் வரக் கூடாது. நகராட்சி உத்தரவு."

"அது சேவலுக்குங்க!"

"கடுதாசில சேவல்னு போடல. சத்தம்னுதான் போட்டிருக்கு. மூணு தடவ படிச்சுட்டேன்."

"நேத்து சாயங்காலமே வச்சிருக்கலாம்ல?"

"எப்படி வைக்கிறது?" என்றாள் அவர் மனைவி இங்கர். "நீங்கதான் விளக்கப் போட்டுக்கிட்டு ஜன்னல்ல காவல் இருந்தீங்களே! வயல் பக்கமா ரெண்டு தடவ தூக்கிட்டு வந்து திரும்பிட்டோம். பத்து அடிச்சதும் இந்த மனுஷன் சுத்தியல தொட விடல."

ஆக்ஸெல் கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒரு தசை அசையவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கேலி செய்யும்போது அப்படித்தான் இருப்பார்கள், கேலி செய்யாதபோதும் அப்படித்தான் இருப்பார்கள். நான் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. வெட்கமாக இருந்தது. நாற்பது பேர் எதிரில், பூட்ஸும் இரவு உடையுமாக.

"ஆக்ஸெல், எழுதறதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர். வேறு யாராவது என்றால் பரவாயில்லை என்றாவது சொல்லியிருப்பார்கள்.

"எஸ்கில்ட் அங்க தலைய வாரிக்கிட்டு உக்காந்திருக்கான். எட்டு வரைக்கும் தாங்க மாட்டான். இப்பவே ஊதுங்க."

"எழுதிக் குடுங்க."

மிச்சமிருந்த வெள்ளித்தாளின் பின்பக்கத்தையும் ஒரு பென்சிலையும் நீட்டினார். 'இன்று காலை ஆக்ஸெல் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிதானமாகப் படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அப்புறம் கொட்டகையே சிரித்தது.

"சரி, ஓடிப்போய்ப் படுங்க" என்றார் ஆக்ஸெல். "முழிச்சுக்கிட்டு நிக்கறவங்கள எப்படி எழுப்பறது?"

ஓடினேன். எஸ்கில்டைக் கட்டிலில் தள்ளிப் போர்வையை இழுத்து மூடினேன்.

"என்ன ஆச்சு? சண்ட போட்டியா?"

"கண்ண மூடு. தூங்கு."

வெளியே காலடிச் சத்தம், குசுகுசுப்பு, நான்கைந்து சுத்தியல் அடி. பிறகு மூன்று ட்ரம்பெட்டும் ஒன்றாக எழும்பின, நாற்பது குரல் சேர்ந்துகொண்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தேன். பாட்டு முடிந்தது. எழுந்து போகலாம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் வரவில்லை. மூடிய கண்ணோரமாகத் தலையணை நனைந்துகொண்டிருந்தது.

"இன்னொரு பாட்டு பாடட்டும் விபெகே" என்றான். "நமக்குத்தானே பாடறாங்க."