கூந்தல் காட்சி

யாருடைய உடம்பையும் கேளாமல் தொடுவதில்லை என்பது அவளுடைய நெடுநாளைய வழக்கம். நாடகக் குழுவின் உடலசைவுப் பயிற்சியாளர் அவள்தான். அடிபடாமல் விழுவது, வலிக்காமல் அறைவது எல்லாம் அவளிடம்தான் பழக வேண்டும். எவர் அருகில் சென்றாலும் முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள், "வரட்டுமா?" என்று கேட்பாள், "வாங்க" என்ற பதில் வந்த பிறகே விரல் நீளும். கூந்தலைப் பற்றி இழுக்கும் காட்சியைக் கற்றுத்தரும்போது, "பூனை குட்டியைக் கவ்வுற மாதிரி பிடிக்கணும், எலியைக் கவ்வுற மாதிரி இல்ல" என்பாள். இழுப்பவளின் கை தலைமேல் வெறுமனே மூடியிருக்கும். இழுபடுபவள் இரு கைகளாலும் அந்த மணிக்கட்டைப் பற்றித் தலையோடு அழுத்திக்கொண்டு, தானே நகர்வாள். பார்ப்பவர் கண்ணுக்கு அவள் இழுபடுகிறாள். கடிவாளமோ அவள் கையில்தான் இருக்கும்.

இந்த முறை அரசி வேடம் தனக்கே என்று நம்பியிருந்தாள். இயக்குநர் அதை அவளுடைய ஓரகத்திக்குக் கொடுத்துவிட்டார். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் புழங்குபவள். இவளிடமே விழப் பழகியவள். இவளுக்கு வாய்த்தது அரசியை இழுத்துவரும் காவல்காரி வேடம். அதற்கு ஒரு வரி வசனமும் கிடையாது.

ஒத்திகை இடைவேளையில் தட்டிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் குரல் கேட்டது. "அக்காவுக்கு விழத் தெரியும். எழுந்து நின்னு நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க, பாப்போம்." கொல்லென்று சிரிப்பு எழுந்தது.

அடுத்தது கூந்தல் காட்சி. அவள் உள்ளங்கையைத் தேய்க்கவில்லை, கேட்கவும் இல்லை. விரல்கள் கூந்தலுக்குள் நுழைந்து, வேரோடு இறுகி, ஒரே வெட்டாக இழுத்தன. மணிக்கட்டைப் பற்ற உயர்ந்த கைகள் எட்டுவதற்குள் ஓரகத்தி அலறிக்கொண்டு மேடைப் பலகையில் சரிந்தாள்.

"இதான்! இந்த அலறல்தான் வேணும்!" இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

கைதட்டல் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, "கை வழுக்கிடுச்சு" என்றாள் அவள்.

ஓரகத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வழுக்கின கையில முடி எப்படிக்கா வந்துச்சு? பூனைக்கு எலி ஞாபகம் வந்துடுச்சு போல."

மாலையில் அடுப்படியில் ஓரகத்தியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முழு உடம்போடு திரும்பினாள். இழுத்தவள் வெந்நீரில் நனைத்த துணியை நீட்டினாள்.

"அங்க வைங்க. உங்க கையால வேணாம்" என்றாள் ஓரகத்தி. "நாளைக்கு வந்து உடுப்பைத் திருப்பிக் குடுத்துடறேன். ராணி வேஷந்தானே? எடுத்துக்கோங்க. கேட்டே வாங்கியிருக்கலாம். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே செய்வீங்க?"

ஆசைப்பட்ட வேடம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அதே கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு, அமைச்சராக நடிப்பவனின் முதுகை நிமிர்த்தப் போனாள்.

"வரட்டுமா?"

"வாங்க மேடம்" என்றான். வாய்தான் வா என்றது. தோள் ஒரு விரற்கடை உள்வாங்கிக்கொண்டது. அவள் கை பாதியிலேயே நின்றது.

அந்நேரம் ஓரகத்தி உடுப்புப் பையோடு கதவருகில் வந்து நின்றாள்.

"நேத்து கை வழுக்கல" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வலிக்கணும்னுதான் பிடிச்சு இழுத்தேன்."

"விடும்மா, காட்சி நல்லாத்தானே வந்துச்சு?" என்றார் இயக்குநர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கொண்டை ஊசிகளை உருவிக் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மேடை நடுவில் ஓரகத்திக்கு முதுகு காட்டி மண்டியிட்டாள். கேள்விக்குக் காத்திராமல், "வா" என்றாள்.

பை தரையில் விழும் ஓசை கேட்டது. காலடிகள் நெருங்கி வந்து பின்னால் நின்றன. உள்ளங்கைகள் தேயும் ஓசை வருமா என்று காது கூர்ந்தது, வரவில்லை.

"மணிக்கட்டப் பிடிச்சுக்கோங்க" என்றது குரல், கடுமையாக.

"வேணாம்."

குளிர்ந்த விரல்கள் கூந்தலுக்குள் நுழைந்து வேரைத் தொட்டன. அவளுடைய இரு கைகளும் பலகைமேல் மல்லாந்து கிடந்தன.