கூப்பிட ஒரு சொல்

அறுபத்திரண்டாம் வருஷம் எங்கள் தீவின் சாத்தம் துறைக்கு மரம் ஏற்ற வந்த கப்பல் ஒன்று பழுதாகி நின்றது. அதன் சமையல்காரன் எமீலியோவை என் வீட்டுக்காரர் மின்னி பே கடற்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். ஸ்பெயின்காரன். மீன் குழம்பை வழித்துக்கொண்டே அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டான்: "புருஷனை எப்படிக் கூப்பிடுவாய்?"

"கூப்பிட மாட்டேன். வளையலைக் குலுக்குவேன்," என்றேன். கட்டினவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை.

அவன் சிரித்துவிட்டுத் தன் ஊர்ச் சொற்களைச் சொன்னான். மயோர் என்றால் வயதில் பெரியவர், அதில் மரியாதை உண்டு. அன்சியானோ என்றால் தள்ளாத முதியவர். வியெஹோ என்றால் வெறும் கிழவன். பழைய செருப்பையும் அப்படிச் சொல்லலாம். "ஆனால் என் அம்மா அப்பாவை ஆசையாகக் கூப்பிடுவது வியெஹோ என்றுதான்."

நான் அதைத் தமிழில் சொன்னதும், வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நாப்பத்தஞ்சு வயசுல நான் கெழவனா? பழஞ்செருப்பா? இவனுக்கு இனி கொழம்பு ஊத்தாத!"

"பேரும் சொல்லக்கூடாது, இதுவும் கூடாதுன்னா நான் என்ன ஊமையா?" என்று எமீலியோவுக்குக் குழம்பை நன்றாகவே ஊற்றினேன்.

கப்பல் போய்விட்டது. அடுத்த வாரம், எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகுக்கு முண்டிய கூட்டத்தில் இவரைத் தவறவிட்டேன். படகின் சங்கு ஊதியது. அந்த இரைச்சலில் வளையல் யாருக்குக் கேட்கும்? தொண்டை கிழியக் கத்தினேன்: "வியெஹோ!"

கூட்டமே என்னைப் பார்த்தது. படகிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"இங்கன இருக்கேன், வியெஹா!"

பெண்ணை எப்படி அழைப்பதென்று எமீலியோ எனக்குச் சொல்லவேயில்லை. இவர் எப்போது அவனிடம் போய்க் கேட்டாரோ!