காரணம் சொன்னால்தான் ஏணி

தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது பேராசிரியர் சிரித்தார். இடுப்பைத் தொட்டபோது சிரிப்பு நின்றுபோனது.

மொட்டைமாடியின் சிமென்ட் தொட்டி அது. ஓர் ஆளை முழுசாக விழுங்கும் ஆழம், உச்சியில் ஒரே ஒரு சதுரத் திறப்பு. பாசி தேய்க்க இறங்கியவர் அவர்தான். ஏணி மூலையை மறைக்கிறது, மேலே தூக்குங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னவரும் அவரேதான். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

குழாய் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பேராசிரியருக்கு நீச்சல் தெரியாது.

"டேய், ஏணிய இறக்கு."

திறப்பில் இரண்டு தலைகள் முளைத்தன. ஒன்று, பத்தாவது படிக்கும் மகன். மற்றொன்று, எட்டாவது படிக்கும் மகள், வாயில் பபிள்கம்.

"அப்பா, இது நிஜமா, டெஸ்டா?" என்றான் மகன்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. வளரும் பிள்ளைகளின் மனதில் நல்லது கெட்டது எப்படி உருவாகிறது என்பதுதான் பேராசிரியரின் ஆராய்ச்சி. தாளில் கேள்வி கேட்டு அலுத்துப்போய், கேள்விகளை வீட்டுக்குள்ளேயே நடத்திக்காட்ட ஆரம்பித்திருந்தார். போன மாதம் பிள்ளைகளின் தாய்மாமன் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். எல்லாம் ஏற்பாடுதான். மகள் யோசிக்கவே இல்லை. ஒரு குடம் தண்ணீரை அப்படியே அவர் முகத்தில் கவிழ்த்தாள். மாமா அதன்பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்றைக்கு மகளுக்குக் கிடைத்தது கடைசி மார்க். "யோசிக்காம செஞ்ச நல்லது கணக்குலயே வராது. முதல்ல காரணம், அப்புறம்தான் காரியம்" என்று தன் மாணவர்கள் முன்னால் வைத்துச் சொன்னார். ஐந்து நிலைகள் கொண்ட அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. அடிக்குப் பயந்து செய்வது முதல் நிலை. லாபத்துக்குச் செய்வது இரண்டாவது. நாலு பேர் மெச்ச, சட்டம் என்பதால், கொள்கைக்காக என்று அது மேலே போகும்.

"நிஜம்டா! நிஜமாவே நிஜம்!"

"மாமாவும் அன்னிக்கு முனகினாருல்ல, அதே மாதிரி இருக்கு" என்றாள் மகள். பபிள்கம் ஒருமுறை வெடித்தது. ஆனால் அவள் கை ஏணியின் மேல்தான் இருந்தது.

"அவசரப்படாத. போன தடவை அசிங்கப்பட்டது போதாதா?" என்று அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "அப்பா, மோட்டார நிறுத்துனா நாலு வீட்டுக்குத் தண்ணி கிடையாது. நிறுத்தலைன்னா உங்களுக்குக் கஷ்டம். ஒருத்தர் பெருசா, நாலு வீடு பெருசா? இது உங்க பதினேழாம் கேள்வி மாதிரியே இருக்கே."

இருந்தது. கிணற்றில் விழுந்தவனையும் ஊர்த் தண்ணீரையும் வைத்து அவரே எழுதிய கேள்வி. தண்ணீர் மார்புக்கு வந்தபோது, அந்தக் கேள்வியில் கிணற்றுக்குள் இருப்பவன் வாயைத் திறப்பதே இல்லை என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஏன் பேசவிடாமல் எழுதினோம்?

"காரணமெல்லாம் வேணாம்டா!"

"குடம் கவுந்ததும் மாமாவும் இதையேதான் கத்துனாரு" என்றான் மகன். "தண்ணி ரொம்புனா நீங்களே மிதந்து மேல வந்துடுவீங்கப்பா. நான் நாலாவது நிலையில இருந்து யோசிக்கிறேன். ஒரு நிமிஷம்."

தண்ணீர் தாடைக்கு வந்தது. பேராசிரியர் நுனிக்காலில் நின்றார். கால் பாசியில் வழுக்கியது. மூக்குக்கண்ணாடி நழுவித் தண்ணீருக்குள் போனது.

அவர் அதைத் தேடவில்லை.

மேலே மகளின் வாய் அசைவது நின்றது. குளிக்கும்போதுகூடக் கழற்றாத மூக்குக்கண்ணாடி அது. அண்ணனை இடித்துத் தள்ளினாள். ஏணி தடதடவென்று இறங்கியது.

"ஏய், இன்னும் காரணமே சொல்லலியே நீ!" என்றான் அண்ணன், விழுந்த இடத்திலிருந்து.

பேராசிரியர் இருமிக்கொண்டே ஏறினார். கழுத்து வெளியே வந்தது. மூச்சும் வந்தது. மூச்சு வந்தவுடன் ஆராய்ச்சியும் வந்தது.

"ஏம்மா இறக்குன? எந்த நிலை?"

மகள் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள்.

"சும்மாதான்பா."

"சும்மான்னு ஒரு நிலை இல்லையேம்மா."

"அப்ப ஏணிய எடுத்துடவா?"

"எடுத்தா அது ரெண்டாவது நிலையா, மூணாவதாப்பா?" என்று ஆர்வமாகக் கேட்டான் மகன்.

பேராசிரியர் கீழே பார்த்தார். கறுப்புத் தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. விறுவிறுவென்று ஏறி வெளியே குதித்தார். "சும்மாவே போதும்" என்றார். மகளின் தலையில் ஈரக்கையை வைத்தார், எடுக்கவில்லை. அவள் முகம் சுளித்தாள். ஆனால் நகரவில்லை.

மூவரும் அப்படியே நின்றார்கள். தொட்டி நிறைந்தது. வழிந்தது. மாடி முழுக்க ஓடியது.

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். "என் ஜன்னல் வழியா அருவியா கொட்டுது, தச்சு வச்ச துணியெல்லாம் போச்சு. மூணு பேரும் மரமாட்டம் நிக்கிறீங்களே, மோட்டார நிறுத்தக்கூடாதா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏணி இறங்கியபிறகு அது யாருக்குமே தோன்றவில்லை.

பேராசிரியர் ஈரக்காலோடு படிக்கட்டை நோக்கி ஓடினார்.

"அப்பா," மகள் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள், "காரணம் சொல்லிட்டுப் போங்க."

அவர் நிற்கவில்லை.