உரும்பிராய் மின்சாரத்தில் ஒரு சிப்

1.

இந்தக் கதை என் தங்கை வினோஜாவைப் பற்றிய பெருமையில் பிறந்தது. பெருமையில் எழுதும் கதை உருப்படாது என்பார்கள். பார்ப்போம்.

கொக்குவிலில் ஒரு சிறு நிறுவனத்தில் அவள் சிப் வடிவமைக்கிறாள். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று சொல்லும், வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவிக்கான சிப். ஒரு பாதி தண்ணீரிலிருந்து வரும் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை வாங்கும். மறுபாதி அதை எண்ணாக்கும். இரண்டையும் கணினி மொழியில் எழுதி, சிப் பிறக்கும் முன்பே ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. (இல்லாத பொருளை எழுத்தில் நடமாட விடுவது. நானும் அதைத்தான் செய்கிறேன். என்னுடையது பிழையாய்ப் போனால் ஒருவரும் உப்புத் தண்ணீர் குடிக்கப் போவதில்லை.)

2.

முதல் தொடக்கம்: ‘சிப் தொழிற்சாலைக்குப் போகவிருந்த வாரம், வினோஜாவின் மனதில் ஒரு மகத்தான எண்ணம் —’

வாசித்துவிட்டு அவளே அடிக்கச் சொன்னாள்.

“எண்ணமும் இல்லை, ஒண்டும் இல்லை அண்ணை. எங்கடை வீட்டுக் கறண்டை அளந்து வேறொரு சோதினைக்கு வைச்சிருந்தனான். அதை எடுக்க மறந்துபோய், அந்தக் கறண்டிலையே சிப்பை ஓட்டிப்போட்டன்.”

உரும்பிராயில் தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாய்த் தொடங்கினால் எங்கள் வீட்டு விளக்கு மங்கித் தெளியும். அந்த மங்கல் அப்படியே கணினிக்குள் போயிருக்கிறது. மின்சாரம் பழைய நிலைக்குத் திரும்பியதும் எண்ணாக்கும் பாதி உடனே விழித்துக்கொண்டது. மற்றப் பாதி நிதானத்துக்கு வருமுன் அவசரப்பட்டு வாசித்து, உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்றது.

3.

மேலாளர் எமில்ராஜ் இதைக் கேட்டதும் தலையில் கைவைத்தார். அவர்களுடைய முதல் சொந்தச் சிப் அது. தொழிற்சாலை தந்த இந்தத் தவணையை விட்டால் அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது.

“பிழையாய்ப் போட்ட கறண்டுக்காகச் சிப்பை நிப்பாட்டேலாது, பிள்ளை. உப்பிடிக் கறண்டு எங்கை வரும்?”

“எங்கடை வீட்டிலை வரும், சேர்.”

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. பாவம், நல்ல மனிதர்.)

“நான் மறந்தது பிழைதான்,” என்றாளாம் வினோஜா. “சிப் சொன்னதும் பிழைதான். ரண்டையும் நான்தானே சொல்லவேணும்.”

தவணை போனது. முதல் பாதி தயாராகும்வரை மறுபாதி காத்திருக்கும்படி அவள் திருத்தி எழுதினாள். அடுத்த தவணை கிடைக்க மாதங்களாயின. சிப் இப்போது தொழிற்சாலையில் இருக்கிறது.

4.

முடிவு ஒன்று: சிப் வந்து, சரியாக வேலை செய்கிறது.

முடிவு இரண்டு: சிப் வருகிறது, ஒருவரும் நினையாத இன்னொரு பிழையோடு —

“அது வந்தாப் பிறகு எழுதுங்கோ அண்ணை,” என்கிறாள். “பிழைச்சுதெண்டால் ஊர் சிரிக்கும்.”

சிரிக்கட்டும். இரண்டில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எமில்ராஜின் அறையிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த மாலை, நடந்ததைச் சொல்லிவிட்டு, பசிக்கிறது என்று புட்டுக் கேட்டாள். எடுத்துவைத்தேன். சிப் எப்படி வந்தாலும், என் கதை அங்கேயே முடிந்துவிட்டது.