எண்ணிக்கொண்டிருந்தவள்

அவசர அழைப்பு மையத்தில் அவளுக்கு ஐஸ் என்று பெயர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. எதிர்முனையில் வீடே பற்றி எரிந்தாலும் அவள் குரல் ஒரு நூல் ஏறாது, ஒரு நூல் இறங்காது. "இவ பேசினா நெருப்பே கொஞ்சம் யோசிக்கும்" என்பாள் பக்கத்து இருக்கைக்காரி. இவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

ஒரு மதியம் வந்த அழைப்பில் வயதான ஆண் குரல். "தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா" என்றுதான் ஆரம்பித்தார். "என் சம்சாரம் சமையலறையில விழுந்து கிடக்கா. மூச்சு வர்ற மாதிரி தெரியல."

முகவரி வாங்கி ஆம்புலன்ஸ் வண்டியை அனுப்பிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னாள். நடுநெஞ்சில் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள், அதன்மேல் இன்னொரு கை. "நான் எண்றேன், நீங்க அழுத்துங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு..." அவரும் கூடவே எண்ணினார். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட தெருவில் வண்டி மாட்டிக்கொண்டது அவள் திரையில் தெரிந்தது. அந்தப் புள்ளி நகரவே இல்லை. "வந்துட்டே இருக்காங்க" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"அம்மா, எனக்குக் கை மரத்துப்போச்சு. இவ ஜில்லுனு இருக்கா. நிறுத்திடட்டுமா?"

வண்டி போய்ச் சேரும்வரை நிறுத்தச் சொல்லக்கூடாது என்பது விதி. பிரயோஜனமில்லை என்று அவளுக்கு எப்போதோ புரிந்திருந்தது. "நிறுத்தாதீங்க" என்றாள். "ஒண்ணு, ரெண்டு..." குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. பிறகு கதவு திறக்கும் சத்தம், காலடிச் சத்தங்கள். இணைப்பு துண்டானது. அடுத்த அழைப்பில் யாருக்கோ கால் சுளுக்கு. அதையும் அதே குரலில் எடுத்தாள்.

எடுத்த அழைப்புகள் என்ன ஆயின என்று மையத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் டீக்கடையில், அன்று போன வண்டியின் டிரைவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். "அந்தம்மா போன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாங்க. நாங்க போறப்ப பெரியவர் இன்னும் அழுத்திட்டுதான் இருந்தாரு. கையைப் பிடிச்சு எடுக்க வேண்டியதாப்போச்சு."

அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாய் தானாக எண்ணத் தொடங்கியது. மாவு பிசையும்போது எண்ணினாள். மகளுக்குத் தலை பின்னும்போது எண்ணினாள். "அம்மா, முடியையா எண்ற?" என்று மகள் கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. ஒரு நாள் ஹெட்செட்டை மாட்டினாள், விளக்கு மினுக்கியது, வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரி எட்டி அந்த அழைப்பை வாங்கிக்கொண்டாள்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவளை உட்காரவைத்து என்னென்னவோ கேட்டுப் பார்த்தான். "பவர் மாத்தினா சரியாகிற விஷயமா இருந்தா நானே பண்ணியிருப்பேன். இது எனக்குப் பிடிபடல" என்றான். அவளுக்கும்தான் பிடிபடவில்லை.

மையத்துக் கட்டடத்திலேயே, பழைய நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்து, ஊழியர்களுக்காக ஓவிய அறை ஒன்று திறந்திருந்தார்கள். சூப்பர்வைசர் அவளை அங்கே அனுப்பினார். அறையைப் பார்த்துக்கொண்டது ஒரு சின்னப் பெண். புது வேலை, பேச்சில் தயக்கம்.

"எனக்கு வரைய வராதும்மா" என்றாள் அவள். "பள்ளிக்கூடத்துல யானை வரைஞ்சேன். டீச்சர் பானைன்னு நெனச்சு மார்க் போட்டாங்க."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று பயந்தவளாக, "படமா வரணும்னு இல்லக்கா. கை எங்க போகுதோ விட்டுடுங்க" என்று மேசையில் பெரிய தாளை விரித்தாள். பிறகு சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

முதல் சில தடவை கோடுகள்தான் வந்தன. பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்போமே, அப்படி. ஒரு நாள் நீலச் சாயத் தட்டில் தெரியாமல் கை பட்டுவிட்டது. துடைக்கத் துணி தேடப் போனவள், அதை விட்டுவிட்டு, இன்னொரு கையையும் அதில் வைத்தாள். தாளின் நடுவில் ஓர் உள்ளங்கை. அதன்மேல் மற்றது. அழுத்தினாள். எடுத்தாள். அதே இடத்தில் மறுபடி அழுத்தினாள். மேசை ஆடியது. சாயம் நாலு பக்கமும் பிதுங்கியது. தாள் ஊறிக் கிழிந்து பலகை தெரிந்தது, அவள் பலகையையே அழுத்தினாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை அழுத்தவைத்தவள், பயிற்சி பொம்மையைத் தவிர வேறெதையும் அழுத்தியதில்லை.

கொஞ்ச நேரம்தான். தோள் கழன்றுவிடும்போல வலித்தது. யாரும் சொல்லாமலே கைகள் நின்றுவிட்டன.

"என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது" என்றாள். "அவர் எவ்வளவு நேரம் பண்ணினாரு, தெரியுமா?"

அந்தப் பெண்ணுக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. அருகில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் அழுகை வந்தது. அழுகையோடு ஒரு நினைப்பும் வந்தது, அவளே எதிர்பார்க்காதது. பெரியவர்மேல் தனக்கு இருந்தது இரக்கம் மட்டுமில்லை, பொறாமையும்தான். அவருக்கு அழுத்த ஒரு நெஞ்சு இருந்தது. தனக்கு இருந்ததெல்லாம் எண்கள்.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். குழாயில் நீலத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றான் அவன்.

"ஒண்ணும் செய்ய முடியாது."

அவன் தலையசைத்துவிட்டு, நகக்கண்ணில் ஒட்டியிருந்ததைக் கழுவிக் கொடுத்தான். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். மறுநாள் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது. அழைத்தவர்களைத் தேடிப்போக மையம் அனுமதிக்காது. அனுமதித்தாலும் என்ன சொல்வாள்? அறைக்குப் போவதை மட்டும் விடவில்லை. பெரும்பாலும் கைத்தடங்கள், சிலசமயம் வெறும் கறுப்பு. எதுவும் அழகாக இல்லை. வாய் எண்ணுவது மெல்லக் குறைந்தது.

குரல் திரும்பியதும் மறுபடி இருக்கையில் உட்கார்ந்தாள். சில வாரங்கள் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு பெண் அழைத்தாள். கூடத்தில் அண்ணன் விழுந்துவிட்டான், மூச்சில்லை. இவள் எண்ணத் தொடங்கினாள். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே, கண்ணீர் வழிய, வண்டி வரும்வரை விடாமல் எண்ணினாள். ஒருமுறை, "கை வலிக்கும். எனக்குத் தெரியும்" என்றாள். எழுதிக் கொடுத்த வாசகங்களில் அது இல்லை.

பதிவைக் கேட்டுவிட்டு சூப்பர்வைசர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "நீங்களே அழுதா அவங்க யாரைப் பிடிச்சுப்பாங்க? இனிமே உங்களை லைன்ல உட்காரவைக்க என்னால முடியாதும்மா."

"அவங்க நிறுத்தவே இல்ல சார். கடைசி வரைக்கும் அழுத்தினாங்க."

"கேட்டேன். அதனாலதான் எனக்கும் கஷ்டமா இருக்கு."

அந்த அண்ணன் பிழைத்தானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

வண்டிப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். டயர், ஆயில், பிரேக். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விளக்குகள் மினுக்குவதும் வாய்கள் அசைவதும் தெரியும், சத்தம் கேட்காது. ஐஸ் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ஓவிய அறையையும் சீக்கிரமே மூடினார்கள். அந்தப் பெண் போகும்போது மீந்த சாயங்களை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். "உங்களுக்கு ஏதாவது உதவி ஆச்சாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னால் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய். அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

விடுமுறை நாட்களில் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அந்தச் சாயப் பையோடு உட்காருகிறாள். மகள் தாண்டிக்கொண்டு போகிறாள், கணவன் சுற்றிக்கொண்டு போகிறான். போன வாரம் பச்சை வந்தது. ஏன் பச்சை என்று அவளுக்குத் தெரியவில்லை. தாள் முழுக்கப் பூசிவிட்டு, காய்வதற்காக ஓரமாய் நகர்த்திவைத்து, அடுப்பைப் பற்றவைத்தாள்.