கொதிக்காத தண்ணீர்

களக்காட்டு மிஷன் மருந்தகத்தில் நர்ஸாக இருந்த பியூலாவின் கைக்கு அந்தப் பம்பு ஸ்டவ் வந்தபோதே அது பாதி ஆயுளைக் கடந்திருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அம்மா ஒருத்தி விட்டுச் சென்றது. பிரசவத்துக்குக் கூப்பிட்ட ஊருக்கெல்லாம் பியூலா அதை மரப்பெட்டியில் வைத்து மாட்டுவண்டியில் எடுத்துப் போவாள். போன வீட்டில் விறகு இருக்கிறதா, இருக்கிற விறகு காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பம்பை அடித்தால் நீலத் தீ சீறிக்கொண்டு எழும்பும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கையும் கத்தரியும் நூலும் அப்படிக் கொதித்த தண்ணீரில் சுத்தமாகாமல் அவள் எந்தப் பெண்ணையும் தொட்டதில்லை.

ஐரோப்பாவில் சண்டை மூண்டு மூன்றாம் வருஷம் ஸ்டவ் உடம்புக்கு முடியாத கிழவனைப் போல ஆகிவிட்டது. பம்புக்குள் இருந்த தோல் வாஷர் காய்ந்து சுருங்கி, அடித்த காற்றெல்லாம் வந்த வழியே திரும்பியது. அடைப்பெடுக்க ஊசியால் குத்திக் குத்தி, எண்ணெய் பீச்சும் நிப்பிளின் துளை அகன்றுவிட்டது. நீலத் தீ மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பூசியது. கடைசியில் பர்னரின் அடிக்கழுத்தில் மயிரிழை போல ஒரு கீறல் கண்டது.

மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் வேதநாயகத்திடம் போய்ச் சொன்னாள்.

"மெட்ராஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாச்சு பியூலா. கப்பலே வரலியே, சாமான் எங்கன வரும்? சண்டை முடியட்டும்" என்றார் அவர்.

"அதுவரைக்கும் பிள்ளைபெறுதவங்க காத்திருப்பாங்களா சார்?"

அவர் மாத்திரைச் சீசாக்களைத் துடைக்க ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அலமாரியில் பாதிச் சீசாக்கள் காலியாகத்தான் இருந்தன.

மாதாமாதம் மருந்தெடுக்கப் பாளையங்கோட்டைக்குப் போகிற வண்டியில் அந்தத் தடவை பியூலா ஸ்டவ்வையும் ஏற்றினாள். மேலப்பாளையத்தில் விளக்குக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் ஒட்டுவைக்கும் அகமது மீரானின் பட்டறை இருந்தது. அவர் ஸ்டவ்வைக் கழற்றித் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தோலு வெட்டிப் போட்டுருவேன், அது பெரிய காரியமில்ல. நிப்பிளுக்கு நான் எங்க போவேன்? அடைச்சுத் திரும்பத் துளை போட்டுப் பாக்கேன். இந்தக் கீறலுதான்மா சங்கடம். பித்தளை வச்சுப் பத்தவச்சா குழாயே உருகிப்போகும். ஈயம்தான் வைக்கணும். ஈயம் சூட்டுக்கு நிக்காது."

"கொஞ்ச நேரமாவது நிக்குமா பாய்?"

"நிக்கும்னு சொல்ல மாட்டேன். நிக்காதுன்னும் சொல்ல மனசு வரல."

ஒட்டுப்போட்ட ஸ்டவ் அந்த மாதம் ஓடியது. இரண்டு பிரசவங்களுக்குத் தண்ணீர் கொதித்தது. ஒவ்வொரு தடவையும் தீ எரிகிறவரை பியூலா அதைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள்.

ஐப்பசி பிறந்து மலையில் மழை அடித்து ஊற்றியது. பச்சையாறு கரைமீறி, ஆற்றோரக் குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்கள் சட்டி பானைகளோடு மேட்டிலிருந்த கல்மண்டபத்தில் ஏறிக்கொண்டார்கள். மறுநாள் முற்பகலில், இடுப்புவரை சேறு அப்பியபடி சுடலைமாடன் என்ற கூலிக்காரன் மருந்தக வாசலில் வந்து நின்றான்.

"நர்ஸம்மா, எம் பொஞ்சாதிக்கு விடியக்காலம் பிள்ளை பொறந்துட்டு. நஞ்சுக்கொடி இன்னும் விழல. ரத்தம் நிக்காமப் போவுது."

வண்டி பாதி வழிதான் போனது. மீதியைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நடக்க, பியூலா பின்னால் நடந்தாள்.

மண்டபத்து மூலையில் பழஞ்சேலையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். உள்ளே பேச்சித்தாய் கிடந்தாள். இருபது வயதுகூட இருக்காது. உதடு வெளுத்து, கை சில்லிட்டிருந்தது. அவள் மாமியார் இசக்கி, பிள்ளையை முந்தானையில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெந்நீர் இருக்கா?"

"எங்கன தாயி இருக்கு? வெறகெல்லாம் ஊறிப்போச்சு. காலையில இருந்து ஊதுதோம், பொகை மட்டும்தான் வருது."

இருந்த தண்ணீரும் ஆற்றிலிருந்து மொண்ட செந்தண்ணீர். பியூலா அதைத் துணியில் வடிகட்டிப் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு ஸ்டவ்வை எடுத்தாள். பம்பில் காற்று பிடிக்கவில்லை. கழற்றி, தோலில் விளக்கெண்ணெய் தடவி விரலால் நீவி விரித்துத் திரும்பப் பூட்டினாள். இப்போது காற்று பிடித்தது. ஈரக்கையால் தீக்குச்சிகள் நமுத்து நமுத்துப் போக, கடைசியில் ஒன்று பற்றியது. ஸ்டவ் இருமியது. பிறகு சீற ஆரம்பித்தது.

"அடியும், பைய அடியும்" என்று பம்பைச் சுடலைமாடனிடம் விட்டுவிட்டு உள்ளே போனாள். பேச்சித்தாயின் நாடி விரலுக்கடியில் நூலாக ஓடியது. வயிற்றைத் தேய்த்துவிட்டுப் பார்த்தாள். நஞ்சு அசையவில்லை. கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கட்டும், ஒரு கொதி வந்தால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"நர்ஸம்மா!" என்று சுடலைமாடன் அலறினான்.

ஓடிவந்து பார்த்தாள். கழுத்தில் வைத்த ஈயம் இளகி வழிந்திருந்தது. கீறல் வழியாக எண்ணெய் பீச்சி, ஸ்டவ்வின் வயிற்றைச் சுற்றி மஞ்சள் தீ எரிந்துகொண்டிருந்தது. காற்றுத் திருகைத் திறந்துவிட்டு நனைந்த சாக்கைப் போட்டு அணைத்தாள். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடுதான் இருந்தது.

ஈயத்தை வழித்து அதே இடத்தில் அப்பிப் பார்த்தாள். சோப்பையும் துணியையும் திணித்துக் கட்டிப் பார்த்தாள். மறைப்புக்குள்ளிருந்து இசக்கி கத்தினாள்:

"தாயி, கண்ணு செருகுதே! நீ என்ன அடுப்பைப் பாத்துக்கிட்டு இருக்கே?"

பியூலா எழுந்தாள். பெட்டியிலிருந்த சீசாவின் அடியில் மிச்சமிருந்த கிருமி கொல்லும் கார்பாலிக்கை அந்தத் தண்ணீரில் கவிழ்த்தாள். ஒரு கை கழுவக்கூடக் காணாது. முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தண்ணீர் அப்போதும் செம்மண் நிறமாகத்தான் இருந்தது. கர்த்தாவே என்று ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது.

நஞ்சு முழுதாக வந்தது. ரத்தம் நின்றது. சாயங்காலம் பேச்சித்தாய் கண்ணைத் திறந்து, "பிள்ளை பால் குடிச்சானா?" என்று கேட்டாள். இசக்கி பியூலாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மண்டபத்திலிருந்த பெண்களெல்லாம் மறைப்பை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பியூலா சிரிக்கவில்லை. கையைத் திரும்பத் திரும்பச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயந்தது மூன்றாம் நாள் வந்தது. முதலில் குளிர், பிறகு பாறை சுடுகிற மாதிரி காய்ச்சல். பியூலா தினமும் சேற்றில் நடந்து போனாள். கொய்னா மாத்திரை கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள். அதற்குமேல் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. பேச்சித்தாய்க்குப் பிதற்றல் கண்டது. தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது, பாயைச் சுருட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வெள்ளம் வடிந்து ஜனங்கள் குடிசைகளுக்குத் திரும்பத் தொடங்கிய அன்று அவள் செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்தபிறகு பியூலா போனாள். யாராவது ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. இசக்கி அவளை உட்காரச் சொன்னாள்.

"நீ மட்டும் வராட்டி அன்னைக்கே போயிருப்பா தாயி. உன் புண்ணியத்துல நாலஞ்சு நாள் பிள்ளை மொகத்தைப் பாத்தா."

சொல்லிவிட வேண்டும் என்று பியூலாவுக்கு நெஞ்சுவரை வந்தது. தண்ணீர் கொதிக்கவில்லை, என் கை சுத்தமாக இல்லை என்று. ஆனால் கையை உள்ளே விட்டு நஞ்சை எடுக்காமல் இருந்திருந்தால் அப்போதே போயிருப்பாள் என்பதும் நிஜம். எதைச் சொன்னாலும் இந்தக் கிழவிக்கு என்ன மிஞ்சும்? பிள்ளை ஆட்டுப்பாலைக் கக்கிவிட்டு அழச் சத்தில்லாமல் முனகியது. சுடலைமாடன் கூரையில் காய்த்திருந்த பூசணிக்காயைப் பறித்து வந்து பியூலாவின் காலடியில் வைத்தான். வேண்டாமென்று சொல்லத் தெரியாமல் அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த மாதம் மருந்து வண்டியில் ஸ்டவ் மறுபடியும் மேலப்பாளையத்துக்குப் போனது. அகமது மீரான் கருகிய கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிக்கல, என்னம்மா?"

"நிக்கல பாய்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

பியூலா வாசல் பக்கம் பார்த்தாள். தறிச்சத்தம் தெருவெல்லாம் கேட்டது. அவர் ஈயக்கட்டியை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஈயம்தான் இருக்கு. அதையே கொஞ்சம் கனமா வைக்கவா?"

"வையுங்க" என்றாள் பியூலா. திரும்புகிற வழியில் நாங்குநேரிப் பக்கம் ஒருத்திக்கு மாதம் நிறைந்திருந்தது. அங்கேயும் மழை விட்டபாடில்லை.